ஆபரேட்டர் அறை: வராமல் போன ஓர் இயந்திரத்தின் வரலாறு



தமிழ் சினிமாவின் சாதியைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். திரையில் யார் நாயகன், யார் அடியாள், யாருக்குப் பாட்டு, யாருக்கு அடி என்றெல்லாம் எழுதியும் இருக்கிறோம். பார்வையாளரின் முதுகுக்குப் பின்னால், சுவரில் சின்னச் சின்ன சதுர ஓட்டைகளோடு ஓர் அறை இருந்தது. அதைப் பற்றிப் பேச்சே இல்லை. அந்த அறையைப் பற்றியும், அங்கே வந்திருக்க வேண்டிய, ஆனால் நம் ஊர்களுக்குப் பெரும்பாலும் வராமலே போன ஓர் இயந்திரத்தைப் பற்றியும் இன்று பேசுகிறேன்.

1905இல், திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் படக்கருவியை விலைக்கு வாங்கி ஊர் ஊராகக் கொண்டுபோனார். குலத்தொழில் என்ற முன்கதை இல்லாத ஒரு வேலை நம்மிடையே வந்தது. தமிழர்கள் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்த முதல் கலையரங்கு சினிமாக் கொட்டகைதான், அங்கே இருக்கை காசைப் பொறுத்தது என்றார் கார்த்திகேசு சிவத்தம்பி. படம் பார்க்க வந்தவர்களைப் பொறுத்தவரை அது சரி. படம் முடிந்தபின் அந்தத் தரையைக் கூட்டியவர்கள் எந்தத் தெருவிலிருந்து வந்தார்கள் என்பதை இந்த அவைக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆபரேட்டர் அறையோ இரண்டுங்கெட்டான் இடம். பம்பாய்ப் பஞ்சாலைகளில் நெசவுப் பிரிவுக்குள் தீண்டப்படாதோரை விடவில்லை. நூல் அறுந்தால் வாய் வைத்து இழுத்துக் கோக்க வேண்டும், அந்த எச்சில் தங்கள் மேல் படும் என்று சாதி இந்துத் தொழிலாளர்கள் மறுத்தார்கள். கூலி கூடுதலான பிரிவும் அதுதான். 1928 வேலைநிறுத்தத்தின்போது அம்பேத்கர் இதைத் தொழிற்சங்கத்தார் முகத்துக்கு நேரே எழுப்பினார். இப்போது ஆபரேட்டர் அறைக்கு வாருங்கள். எமல்ஷன் பூசிய பக்கம் எது என்று அரையிருட்டில் அறிய, பிலிமை உதட்டில் வைத்துப் பார்ப்பார்கள். ஒட்டிக்கொள்ளும் பக்கம் எமல்ஷன். அறுந்தால், முனையை எச்சில் தொட்டு ஈரமாக்கி, பிளேடால் சுரண்டி, பிலிம் சிமெண்ட் தடவி ஒட்டுவார்கள். அந்த எச்சில் பட்ட படத்தைத்தான் ஊர் முழுக்க, எல்லாச் சாதியும், கைதட்டிப் பார்த்தது. யாருடைய எச்சில் என்று யாரும் கேட்கவில்லை.

இதை வைத்து அந்த அறையைச் சமத்துவபுரம் என்று சொல்ல வரவில்லை. ஆபரேட்டர் ஆக அரசாங்கத் தேர்வெழுதி உரிமம் வாங்க வேண்டும். அதற்கு முன் ஒரு மூத்த ஆபரேட்டரிடம் எடுபிடியாக நின்று தொழில் பழக வேண்டும். எழுதத் தெரிவதும், முதலாளி உள்ளே விடுவதும் அந்த இரண்டு கதவுகளின் பூட்டுகள். பள்ளிக்கூடம் நமக்கு எப்போது திறந்தது என்பது உங்களுக்குத் தெரியும்.

உள்ளே என்ன வேலை? கார்பன் குச்சிகள் இரண்டின் முனைகளுக்கு நடுவே மின்சாரம் தாவும். அந்த வெளிச்சம்தான் படம். குச்சி எரிந்து தேயத் தேய, இடைவெளியைச் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும். புகை, அனல், கண்ணைப் பறிக்கும் ஒளி. தூத்துக்குடியில் உப்பளத்து வெள்ளையில் வெயில் பட்டுத் தெறிக்கும் கூச்சத்தில் ஆயுள் முழுக்க நின்ற நம் பெண்களின் கண்கள் என்னவாயின என்று பார்த்தவர்கள், ஆர்க் விளக்கின் முன் நின்ற கண்களையும் அதோடு சேர்த்து எண்ணிப் பார்க்கலாம். இந்தக் கடற்கரையில் உப்புக்காற்று வேறு. உருளைகளில் துரு ஏறினால் பிலிமில் கீறல் விழும். தினமும் துடைத்து எண்ணெய் போட வேண்டும். 1950களின் தொடக்கம் வரை வந்த நைட்ரேட் பிலிம் தீப்பிடித்தால் அணையாது. தீப்பிடித்ததும் சுவர் ஓட்டைகளை மூடிக்கொண்டு விழ இரும்புத் தகடுகள் வைத்திருந்தார்கள். அவை அரங்கில் இருந்தவர்களைக் காக்க.

இனி அளவுகளைப் பாருங்கள். நொடிக்கு 24 சட்டகம், நிமிடத்துக்கு 90 அடி. இரண்டரை மணி நேரப் படம் 13,500 அடி. ஏறக்குறைய 4 கிலோமீட்டர். 2,000 அடி ரீல் 22 நிமிடத்தில் தீரும். தீருமுன் திரையின் வலது மேல்மூலையில் ஒரு புள்ளி மின்னும். அடுத்த புரொஜெக்டரின் மோட்டாரை ஓடவிட வேண்டும். ஏழு நொடி கழித்து இன்னொரு புள்ளி. அப்போது படத்தை மாற்ற வேண்டும். ஓடி முடிந்த ரீலைப் பின்னோக்கிச் சுற்றி வைக்க வேண்டும். ஒரு நாளைக்கு நான்கு காட்சி.

இந்த ஓட்டத்தை ஒழிக்க வந்ததுதான் பிளாட்டர். ஜெர்மனியைச் சேர்ந்த வில்லி பர்த் உருவாக்கியது. 1988 ஆஸ்கர் விழாக் காலத்தில் அதற்குத் தொழில்நுட்ப விருதும் கிடைத்தது. பெரிய தோசைக்கல் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதுபோல் இருக்கும். எல்லா ரீலையும் ஒட்டி முழுப் படத்தையும் ஒரு தட்டில் படுக்க வைத்துவிடலாம். பிலிம் நடுவிலிருந்து உருவிக்கொண்டு புரொஜெக்டருக்குப் போய், இன்னொரு தட்டில் நடுவிலிருந்தே சுற்றிக்கொள்ளும். திருப்பிச் சுற்றும் வேலையே இல்லை. தட்டின் நடுவே உள்ள கருவிக்கு ‘பிரெய்ன்’ என்று பெயர். பிலிமின் இழுவையை உணர்ந்து தட்டின் வேகத்தைக் கூட்டும், குறைக்கும். பழுது வருவதும் அங்கேதான். காற்று வறண்டால் நிலைமின்சாரம் ஏறி, பிலிமின் அடுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டும். ஒரு சுற்றுக்குப் பதில் இரண்டு சுற்று சேர்ந்து வந்து பிரெய்னைச் சுற்றி இறுக்கி அறுந்துவிடும். அறையில் ஈரப்பதம் வைப்பது, எர்த் சரிபார்ப்பது, உருளைகளைத் துடைப்பது, ஒட்டுகளைத் தடவிப் பார்ப்பது: இவையே மருந்து. ரீல் முறையில் பழுதானால் ஒரு ரீலோடு போகும். பிளாட்டரில் நான்கு கிலோமீட்டரும் தரைக்கு வரலாம்.

அமெரிக்காவில் இந்தத் தட்டும் செனான் விளக்கும் சேர்ந்து, ஒரே ஆள் பல திரைகளை ஓட்டும் நிலையைக் கொண்டுவந்தன. ஆபரேட்டர் சங்கங்களின் பலம் கரைந்தது. தமிழ்நாட்டிலோ பெருவாரியான அரங்குகள் கடைசிவரை இரண்டு புரொஜெக்டரோடுதான் ஓடின. ஒரு பிரிண்டை இரண்டு கொட்டகைகள் பகிர்ந்துகொண்டதும் உண்டு; இங்கே முடிந்த ரீலை சைக்கிளில் வைத்து அங்கே மிதித்துக்கொண்டு போக ஒரு பையன் இருப்பான். படம் முழுவதையும் ஒட்டிவிட்டால் அது நடக்காது. ஆனால் முதன்மையான காரணம் வேறு என்பது என் கருத்து. ஓடுவதற்கு ஆள் மலிவாகக் கிடைத்தார். அந்த மலிவைச் சாதிச் சமூகம் உற்பத்தி செய்து கொடுத்தது. மலக்குழிக்கு இயந்திரம் ஏன் இத்தனை தாமதமாக வருகிறது என்று கேட்டவர்கள் நாம். இதுவும் அதே கணக்குதான், தட்டு மட்டும் வேறு. இயந்திரம் மனிதனுக்கு ஓய்வைத் தர வேண்டியது, குற்றம் இயந்திரத்தில் இல்லை, அதன் பலனைச் சிலர் வைத்துக்கொள்ளும் சமூக அமைப்பில் இருக்கிறது என்று காந்தியத்தை விமர்சித்தபோது அம்பேத்கர் வாதிட்டார். நம் ஆபரேட்டருக்கு இரண்டுமே நடந்தது. ஓய்வு தரும் இயந்திரம் வரவில்லை. 2005க்குப் பின் கியூப் போன்ற டிஜிட்டல் முறை வந்தது. அடுத்த பத்தாண்டுக்குள் பிலிமே போய்விட்டது. வேலையை எடுக்கும் இயந்திரம் மட்டும் வேகமாக வந்து சேர்ந்தது. புரொஜெக்டர்கள் எடைக்குப் போயின.

இந்த ஊரில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது. எத்தனை சிப்பி எடுத்தார்கள், ஏலத்தில் என்ன விலை போயிற்று என்பதற்கு அரசிடம் கணக்கு இருக்கிறது. மூச்சடக்கி இறங்கியவர்களின் பெயர்ப் பட்டியலை அப்படிக் காப்பாற்றி வைக்கவில்லை. தியேட்டர் வசூலுக்கும் கேளிக்கை வரி ஏடுகள் இருந்தன.

ஆகவே மாணவர்களிடம் ஒரு வேலை ஒப்படைக்கிறேன். உங்கள் ஊரில் மூடிய கொட்டகையின் ஆபரேட்டர் யாரென்று விசாரியுங்கள். போனதும் சாதியைக் கேட்காதீர்கள். எந்த மெஷின் ஓட்டினீர்கள் ஐயா, யாரிடம் தொழில் பழகினீர்கள், உரிமம் எந்த வருஷம், மாதச் சம்பளம் எவ்வளவு, கண் இப்போது எப்படி இருக்கிறது என்று தொடங்குங்கள். தேர்வுக்கு விண்ணப்பித்தபோது யார் கையெழுத்துப் போட்டார் என்று கேட்கும் இடத்தில், மற்றதெல்லாம் தானாக வந்துவிடும். உரிமப் புத்தகம் இருந்தால் எல்லாப் பக்கங்களையும் படம் எடுத்து வாருங்கள்.