பட்டியலில் இல்லாத பெயர்

வேலை கிடைக்காத நடிகன் ஒருவன் பெண் வேடமிட்டுப் புகழ் பெறுகிற கதை 'டூட்ஸி' (1982). அதன் திரைக்கதையைத் திருத்தி எழுதி, நாயகனின் அறைத்தோழன் என்கிற பாத்திரத்தை உருவாக்கிக் கொடுத்தவர் எலெய்ன் மே. படத்தின் எழுத்தாளர் பட்டியலில் இருப்பவையோ ஆண்களின் பெயர்கள் மட்டும். யாரும் பறித்துவிடவில்லை, பெயர் போடாமல் எழுதிக் கொடுப்பதையே அவர் விரும்பினார். அந்த விருப்பம் எங்கிருந்து வந்தது?

1932இல் பிலடெல்பியாவில் பிறந்தவர். தந்தை இத்திஷ் மொழி நாடகக்காரர்; ஊர் ஊராகப் போகும் குழுவில் குழந்தையாகவே மேடை ஏறினார். பதினான்கில் பள்ளியை விட்டார். பதினாறில் கல்யாணம், அடுத்த ஆண்டே மகள். பிறகு சிகாகோ போய், பல்கலைக்கழகத்தில் சேராமலே வகுப்புகளில் உட்கார்ந்தார். மைக் நிக்கல்ஸை அங்கேதான் சந்தித்தார். வசனம் எழுதி வைக்காமல் மேடையில் அந்தக் கணத்திலேயே காட்சியைக் கட்டுவது இருவரின் பாணி. ராக்கெட் விஞ்ஞானியான மகனை அழைத்து, 'ஒரு போன் பண்ணக்கூட நேரமில்லையா' என்று புலம்பியே அவனைக் குழந்தையாக்கிவிடுகிற அம்மா, அப்படிப் பிறந்தவள். 1960இல் பிராட்வே போய் 306 காட்சிகள் ஓடினார்கள். மறு ஆண்டே பிரிந்தார்கள். நிக்கல்ஸ் இயக்குநராகி 'தி கிராஜுவேட்'டுக்கு ஆஸ்கர் வாங்கினார்.

எலெய்ன் எழுதி, இயக்கி, நடித்த 'எ நியூ லீஃப்' 1971இல் வந்தது. சொத்துக்காகக் கொல்லத் திட்டமிட்டு மணப்பவனுக்கு வாய்க்கிற மனைவி ஹென்ரியட்டா, தாவரவியலாளர். இரவு உடையில் கை நுழைக்கும் துளையில் தலையை விட்டுக்கொண்டு அவள் திணறும் காட்சியை மாணவிகளோடு பார்த்திருக்கிறேன். சிரித்துக்கொண்டே இருந்தவர்கள் ஒரு கட்டத்தில் நிறுத்திவிட்டார்கள். நகை பிறக்கும் இடங்களாகத் தொல்காப்பியர் சொல்லும் நான்கில் மடனும் ஒன்று. அதே மடத்தைப் பெண்ணுக்கு அணிகலனாகவும் பூட்டியது நம் மரபு. எலெய்ன் அந்த மடமையைத் தானே எழுதித் தானே உடுத்திக்கொண்டார். புதிய பெரணி ஒன்றைக் கண்டுபிடிக்கும் ஹென்ரியட்டா, அதற்குக் கணவனின் பெயரையே வைக்கிறாள்!

எலெய்னின் படம் ஏறக்குறைய மூன்று மணி நேரம். ஸ்டுடியோ அதை வெட்டிச் சுருக்கியது. என் பெயரை எடுத்துவிடுங்கள் என்று நீதிமன்றம் போனார், தோற்றார். அவருடையதல்லாத வடிவத்தில் அவர் பெயர் நின்றது, பாராட்டும் பெற்றது.

பிறகு 'மைக்கி அண்ட் நிக்கி' படத்துக்குக் கணக்கில்லாமல் பிலிம் சுருளைச் செலவழித்தார், சுருள்களை ஸ்டுடியோவுக்குத் தெரியாமல் ஒளித்து வைத்தார். பிடிவாதக்காரர்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் 1987இல் 'இஷ்டார்' பெரும் நஷ்டமடைந்த பின் கதைப்படம் எதையும் அவர் இயக்கவில்லை. அதில் நடித்த, தயாரித்த வாரன் பேட்டி மூன்றே ஆண்டுகளில் 'டிக் டிரேசி'யை இயக்கி வெளியிட்டார்.

எலெய்ன் எழுத்துக்குத் திரும்பினார். 'தி பேர்ட்கேஜ்' (1996) திரைக்கதையில் அவர் பெயர் இருக்கிறது. இயக்கியவர் நிக்கல்ஸ். 2019இல், 87 வயதில், நினைவு தப்பும் மூதாட்டியாக பிராட்வேயில் நடித்து டோனி விருது பெற்றார். கௌரவ ஆஸ்கர் 2022இல் வந்தது. இயக்கிய கதைப்படங்கள் மொத்தம் நான்கு.