வேலை நீக்கக் கடிதம் வந்தால்: நிறுவனத்தின் வழக்கறிஞர் பார்ப்பது என்ன, தொழிலாளி பார்க்க வேண்டியது என்ன?

சிம்பாங் அம்பாட் வட்டாரத்தில் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. தோட்டத்தில் உழைத்தவர்களின் பிள்ளைகள் இன்று பத்து காவான், பிறை ஆலைகளிலும், இரண்டாவது பாலத்தைக் கடந்து பாயான் லெப்பாஸ் ஆலைகளிலும் வேலை செய்கிறார்கள். 1972-இல் பாயான் லெப்பாஸ் வந்த இன்டெல் தொடங்கி, பின்னர் பத்து காவானில் ஆலை அமைத்த போஸ்டன் சயன்டிஃபிக், லாம் ரிசர்ச் வரை பலவும் பன்னாட்டு நிறுவனங்கள். தோட்டத்தில் மேனேஜரையோ கிராணியையோ நேரில் பார்த்துப் பேசலாம். இங்கே முடிவு பல வேளைகளில் கடல் கடந்து எடுக்கப்படுகிறது. கடிதம் மட்டுமே கைக்கு வருகிறது.

அக்கடிதம் எச்.ஆர். மேசைக்கு வருமுன் ஒரு வழக்கறிஞரின் பார்வைக்குப் போய் வருவது வழக்கம். அவர் எதையெல்லாம் சரிபார்க்கிறார் என்று தெரிந்தால், தொழிலாளியும் அதையே தன் பக்கமிருந்து சரிபார்க்கலாம்.

காரணம் இல்லாமல் நீக்க முடியாது

அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் முதலாளி காரணம் சொல்லாமலே ஒருவரை வேலையிலிருந்து நிறுத்தலாம். மலேசியாவில் அது செல்லாது என்று தலைமையகத்துக்கு விளக்குவதே இங்குள்ள வழக்கறிஞரின் முதல் வேலை. 1967-ஆம் ஆண்டு தொழில்துறை உறவுச் சட்டத்தின் 20-ஆவது பிரிவின்படி, நியாயமான காரணமின்றி நீக்கப்பட்டதாகக் கருதும் தொழிலாளி மீண்டும் வேலை கோரலாம்.

ஒப்பந்தப்படி நோட்டீஸ் கொடுத்துவிட்டால் மட்டும் போதாது. ஸ்காட்லாந்து நூல் நிறுவனமான ஜே அண்ட் பி கோட்ஸின் மலேசியக் கிளை சம்பந்தப்பட்ட வழக்கில், 1981-இல் கூட்டரசு நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. ராஜா அஸ்லான் ஷா வழங்கிய அத்தீர்ப்பின்படி, முதலாளி சொன்ன காரணம் நிரூபிக்கப்பட்டதா என்பதையே தொழில் நீதிமன்றம் பார்க்க வேண்டும். முதலாளி சொல்லாத வேறொரு காரணத்தை அதன் இடத்தில் வைக்க முடியாது. ஆகவே கடிதத்தில் எழுதியுள்ள காரணம் மிக முக்கியம். அக்கடிதத்தைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

ஆட்குறைப்பு என்றால்

தொழிலை மாற்றியமைக்கவும் ஆள் குறைக்கவும் முதலாளிக்கு உரிமை உண்டு. ஆனால் அது நேர்மையான நோக்கத்தோடு இருக்க வேண்டும். அந்தப் பதவி உண்மையிலேயே இல்லாமல் போனதா? அதே வேலைக்குப் புதிய ஆள் எடுக்கப்பட்டாரா? அதே வகை வேலையில் அந்நியத் தொழிலாளர்கள் இருந்தால் அவர்களை முதலில் நிறுத்தினார்களா? கடைசியாக வந்தவர் முதலில் போக வேண்டும் என்ற வழக்கத்தை மீறியிருந்தால் அதற்குத் தக்க காரணம் உண்டா? வழக்கறிஞர் நிறுவனத்திடம் கேட்கும் கேள்விகள் இவை. ஆட்குறைப்புக்கு 30 நாட்களுக்கு முன்பே தொழிலாளர் இலாகாவுக்கும் தெரிவிக்க வேண்டும்.

1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி குறைந்தபட்ச நோட்டீஸ்: ஈராண்டுக்குக் குறைந்த சேவைக்கு 4 வாரம், 2 முதல் 5 ஆண்டுக்குள் 6 வாரம், 5 ஆண்டும் அதற்கு மேலும் 8 வாரம்.

இழப்பீட்டை 1980-ஆம் ஆண்டு விதிமுறைகள் நிர்ணயிக்கின்றன. 12 மாதச் சேவை முடித்தவருக்கு ஒவ்வோர் ஆண்டுக்கும் 10 நாள் சம்பளம். 2 முதல் 5 ஆண்டுக்குள் 15 நாள். 5 ஆண்டும் அதற்கு மேலும் 20 நாள். எட்டாண்டு வேலை செய்தவருக்கு 160 நாள் சம்பளம் வர வேண்டும். 2023 ஜனவரி முதல் வேலைச் சட்டம் எல்லாத் தொழிலாளர்களுக்கும் விரிவாக்கப்பட்டாலும், மாதம் 4,000 ரிங்கிட்டுக்கு மேல் சம்பளம் வாங்குவோருக்கு இந்த இழப்பீட்டு விதி பொருந்தாது. அவர்கள் தங்கள் வேலை ஒப்பந்தத்தைப் பார்க்க வேண்டும்.

ஒழுங்கு நடவடிக்கை என்றால்

தவறு செய்ததாகக் குற்றஞ்சாட்டினால் முறையான விசாரணை நடத்த வேண்டும். விசாரணைக்காக இடைநிறுத்தம் செய்தால் அது இரண்டு வாரத்தைத் தாண்டக்கூடாது. அக்காலத்தில் குறைந்தது பாதிச் சம்பளம் தர வேண்டும். குற்றம் நிரூபிக்கப்படாவிட்டால் மீதியையும் கொடுக்க வேண்டும்.

60 நாள் கெடு

பலர் நல்ல வழக்கையும் இழப்பது இங்கேதான். வேலை நீக்கத்தை எதிர்க்கும் மனு, நீக்கப்பட்ட நாளிலிருந்து 60 நாட்களுக்குள் தொழில்துறை உறவு இலாகாவில் பதிவாக வேண்டும். நோட்டீஸ் கொடுக்கப்பட்டிருந்தால் அந்தக் காலத்திலேயே மனு செய்யலாம். நோட்டீஸ் முடிந்து 60 நாளைத் தாண்டக்கூடாது. "கம்பெனியில் அப்பீல் போட்டிருக்கிறேன், பதில் வரட்டும்" என்று காத்திருந்தால் நாட்கள் ஓடிவிடும். உள் மேல்முறையீடு இந்தக் கெடுவை நிறுத்தாது. தாமதமான மனுவை இலாகா ஏற்காது.

மனுவுக்குக் கட்டணம் இல்லை. முதலில் சமரசப் பேச்சு நடக்கும். அதில் இரு தரப்புக்கும் வழக்கறிஞர்கள் வாதாட முடியாது. தொழிலாளி தயங்காமல் பேசக்கூடிய இடம் அது. சமரசம் ஏற்படாவிட்டால் விவகாரம் தொழில் நீதிமன்றத்துக்குப் போகும். 2021-க்கு முன்பு அதை அனுப்புவதா என்பதை அமைச்சர் முடிவு செய்தார். இப்போது இலாகாவின் தலைமை இயக்குநரே நேரடியாக அனுப்புகிறார். வென்றால் மீண்டும் வேலை அல்லது அதற்கு ஈடான தொகை கிடைக்கலாம். பின்சம்பளத்தின் உச்சவரம்பு 24 மாதம். தகுதிகாண் காலத்தில் இருந்தவருக்கு 12 மாதம்.

சொக்சோவின் வேலைக் காப்புறுதித் திட்டத்திலும் 60 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். இது தனி விண்ணப்பம். ஒன்றைச் செய்தால் மற்றது செய்ததாகாது.

கையெழுத்துக்கு முன்

சுயவிருப்ப விலகல் கடிதமோ, "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற வாசகம் கொண்ட ஒப்பந்தமோ நீட்டப்பட்டால், உடனே கையெழுத்திட வேண்டியதில்லை. நகல் கேட்டு வாங்கி, படித்துப் பார்க்க அவகாசம் கேட்கலாம். மிரட்டி வாங்கிய ராஜினாமாவும் வேலை நீக்கமாகக் கருதப்படலாம். ஆனால் மிரட்டியதை நிரூபிப்பது தொழிலாளியின் பொறுப்பு. சொந்த விருப்பத்தில் ராஜினாமா செய்தவருக்குச் சொக்சோ உதவியும் கிடைக்காது.

வேலை ஒப்பந்தம், சம்பளச் சீட்டுகள், நீக்கக் கடிதம், எச்.ஆர். அனுப்பிய செய்திகள் ஆகியவற்றின் நகல்களை வீட்டில் வைத்திருப்பது நல்லது. வேலை போன மறுநாள் நிறுவனத்தின் மின்னஞ்சல் கணக்கு திறக்காது.