எல்லோர்க்கும் ஒலித்து ஒருவரைச் சேர்ந்த ஓலை

பெங்களூரில் நம்மவர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் ஆஸ்டின் டவுனுக்குக் கிட்டல் நகர் என்றொரு பெயரும் உண்டு. 1894ஆம் ஆண்டில் கன்னட - ஆங்கில அகராதியை வெளியிட்ட ஜெர்மானியப் பாதிரியார் கிட்டலின் நினைவாக இடப்பட்ட பெயர் அது. இரண்டில் எதனை எழுதினாலும், 560047 என்ற எண்ணைச் சேர்த்துவிட்டால் கடிதம் வழி தவறுவதில்லை. 1972ஆம் ஆண்டில் அஞ்சல் துறை கொணர்ந்த இம்முறை, முகவரியைப் பெயரின் பிடியிலிருந்து விடுவித்து எண்ணில் நிறுத்தியது. 1995ஆம் ஆண்டில் நம் நாட்டுப் பெருநகரங்களுக்கு வந்த பேஜர் அதனினும் ஒரு படி மேலே சென்றது. அதற்குத் தெருவும் இல்லை, வீடும் இல்லை. எண் ஒன்றே முகவரி.

அந்நாளில் வாடகை வீட்டில் தொலைபேசி வைத்திருந்தோர் சிலரே. கைப்பேசியோ வரும் அழைப்புக்கும் கட்டணம் கேட்டது. ஆகவே விற்பனையாளர், மருத்துவர், பழுது பார்ப்போர் எனப் பலதிறத்தாரும் பேஜரை இடுப்பில் செருகிக்கொண்டனர். சேலத்திலிருந்தோ வேலூரிலிருந்தோ உறவினர் ஒருவர் பேஜர் நிலையத்தை அழைத்து, 'அம்மாவுக்கு உடல் நலமில்லை, உடனே புறப்படு' என்று சொல்லுவார். நிலையத்தார் அதனைத் தட்டச்சு செய்து வானலையில் விடுவர். அந்த அலை நகரிலுள்ள பேஜர் அனைத்தையும் எட்டும். திரையில் எழுத்தாவது ஒன்றில் மட்டுமே. பெற்றவர் எஸ்.டி.டி. சாவடியைத் தேடி விரைவார். பேஜருக்கு மறுமொழி கூறத் தெரியாது. செய்தி சேர்ந்ததா என்பதை அனுப்பியவர் அறிய வழியில்லை. அப்படியிருக்க, நடுவழியில் ஓர் இலக்கம் பிறழ்ந்தால் என்னாவது?

இதற்கு விடை பேஜரின் உள்ளிருந்த டிகோடர் சில்லில் இருக்கிறது. பிரிட்டிஷ் அஞ்சல் துறை கூட்டிய குழு 1970களில் வகுக்கத் தொடங்கிய 'போக்சாக்' என்னும் முறையை உலகெங்கும் பல பேஜர்கள் பின்பற்றின. நிலையம் முதலில் ஒன்றும் சுழியும் மாறி மாறி 576 துடிப்புகளேனும் அனுப்பும். கூத்தில் கட்டியக்காரன் முதலில் தோன்றி அவையோரை எழுப்புவது போன்றது இது. உறங்கும் சில்லு விழித்துத் தாளம் பிடித்துக்கொள்ளும். அடுத்து வருவன தொகுதிகள். ஒவ்வொன்றின் தலையிலும் மாறாத அடையாளச் சொல் ஒன்று. பின்னர் எட்டுக் கட்டங்கள். கட்டத்திற்கு இரண்டு சொற்கள். சொல்லுக்கு 32 துடிப்புகள்.

பேஜரின் முகவரி 21 துடிப்பு நீளமுடையது. எனவே இருபது இலட்சத்திற்கு மேற்பட்ட முகவரிகள் ஓர் அலைவரிசையில் அடங்கும். வியப்பு என்னவெனில், அவற்றுள் கடைசி மூன்று துடிப்புகள் அனுப்பப்படுவதே இல்லை! ஒருவருடைய எண் 12,34,567 என்று கொள்வோம். எட்டால் வகுத்தால் மீதி ஏழு. சுழியிலிருந்து எண்ணும்போது வரும் ஏழாம் கட்டமே அவருக்குரியது. ஈவாகிய 1,54,320 மட்டும் முகவரியாக அங்கே வரும். தனக்குச் செய்தி இல்லாதபோது ஏனைய கட்டங்களில் பேஜர் கண்ணயரலாம். ஒற்றைச் சிறு மின்கலத்தில் அது வாரக்கணக்கில் உழைத்தது இந்தத் துயிலால்தான்.

சொல்லின் முதல் துடிப்பு சுழியாயின் அது முகவரி, ஒன்றாயின் செய்தி. தன் முகவரியைக் கண்ட சில்லு, வேறொரு முகவரியோ வெற்றுச் சொல்லோ குறுக்கிடும்வரை செய்திச் சொற்களைத் திரட்டும். ஒரு சொல்லில் செய்திக்குரிய இடம் 20 துடிப்புகள். இலக்கங்களாயின் ஐந்து சரியாகப் பொருந்தும். ஆங்கில எழுத்து ஒவ்வொன்றும் ஏழு துடிப்பு கேட்பதால், மூன்றாம் எழுத்தின் கடைசித் துடிப்பு அடுத்த சொல்லுக்குத் தாவிவிடும். யாப்பிலக்கணத்தில் வகையுளி என்று நாம் படித்தது இங்கும் நிகழ்கிறது!

எஞ்சிய பதினொரு துடிப்புகள் காவலுக்கு நிற்பவை. அவற்றின் துணையால், ஒரு சொல்லில் இரண்டு துடிப்புகள் வரை கெட்டிருந்தாலும் சில்லு தானே திருத்திக்கொள்ள இயலும். இக்கணக்கை 1959இல் பிரெஞ்சு அறிஞர் ஒக்கென்கெமும், 1960இல் ராஜ் சந்திர போஸும் அவர் மாணவர் ராய் சௌதுரியும் தனித்தனியே கண்டறிந்தனர். போஸ் கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் பணியாற்றிப் பின்னர் அமெரிக்காவில் குடியேறியவர். பிழைப்பும் புலமையும் அழைத்த இடத்திற்குப் பெயர்ந்த ஒருவரின் கணக்கு, பெயர்ந்து வாழ்வோரின் வீட்டுச் செய்தியைக் காத்தது.

காக்க இயலாதவையும் இருந்தன. செய்திக்குப் பூட்டில்லை, தக்க கருவியுடையோர் எவரும் அதனைப் படிக்கலாம். ஏழு துடிப்புக் குறியீட்டில் தமிழெழுத்துக்கு இடமுமில்லை. வி, ஏ, ஆர், ஏ, எம் என்று திரையில் தோன்றியது வரமா வாரமா என்பதைப் படித்தவரே உய்த்துணர வேண்டியிருந்தது. போஸின் கணக்கு இதற்கு உதவாது.

2003ஆம் ஆண்டில் கைப்பேசிக்கு வரும் அழைப்பின் கட்டணம் நீங்கியபோது, ஏற்கெனவே தளர்ந்திருந்த பேஜருக்கு நம் நாட்டில் வேலை இல்லாமற்போயிற்று. கணக்கு மட்டும் ஓயவில்லை. இன்று காய்கறிக் கடையில் பணம் செலுத்தக் கைப்பேசியை நீட்டும்போது எதிரே தெரியும் கியூஆர் சதுரத்தில், அதன் வடிவக் குறிப்பைப் பிழையின்றிக் காத்து நிற்பது போஸின் குறியீட்டுக் குடும்பத்தைச் சேர்ந்த ஒன்றுதான்.