பல் சீரமைப்பும் பல் அழகு சிகிச்சையும்: உக்கடம், கோவை வட்டாரம்

சொத்தையான பல்லை மீட்பதும் விழுந்த பல்லுக்கு மாற்று வைப்பதும் சீரமைப்பு. நிறத்தையும் வரிசையையும் திருத்துவது அழகு சிகிச்சை. நடைமுறையில் இந்தக் கோடு அழிந்துவிடுகிறது. முன்பல்லுக்குப் போடும் கேப் என்ற உறை இரண்டு வேலையையும் செய்கிறது. பொள்ளாச்சி, பழனி, உடுமலை, பாலக்காட்டுப் பேருந்துகள் வந்து நிற்கும் உக்கடம் சுற்றுவட்டாரத்துக்கே பொதுவான இடம் என்பதால், இங்கே எழும் கேள்விகள் கொங்கு நாடு முழுவதற்கும் பொருந்தும்.

அதிகம் கேட்கப்படுவது கறையைப் பற்றி. வெற்றிலை, புகையிலை, டீ விடும் கறை பல்லின் மேற்பரப்பில்தான் இருக்கும். சுத்தம் செய்தால் போய்விடும். வயதாக ஆக எனாமல் தேய்ந்து உள்ளிருக்கும் டென்டைன் மஞ்சளாகத் தெரிவது வேறு. அதற்கு ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்த பிளீச்சிங் ஓரளவு பலன் தரும். சில நாள் பல் கூசும்.

மூன்றாவது வகைக் கறைக்குக் காரணம் தண்ணீர். தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கத்துக் கடினப்பாறை நிலத்தில் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளூரைடு மிகுதி. இந்தியத் தர அளவு லிட்டருக்கு 1 மில்லிகிராம். வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை ஏற்கலாம். எனாமல் உருவாகும் வயதில், ஏறத்தாழ எட்டு வயதுக்குள், அளவு மீறிக் குடித்தால் வெள்ளைத் திட்டும் பழுப்புக் கோடும் நிலையாகத் தங்கிவிடும். அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூரிலிருந்து 1937-இலேயே ஃபுளூரோசிஸ் எனப்படும் இந்தப் பாதிப்பு பற்றிய மருத்துவ அறிக்கை வெளிவந்தது. ஆனால் தருமபுரி, கிருஷ்ணகிரிக்கு நல்ல நீர் தர ஜப்பானியக் கடனுதவியுடன் அமைந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல்தான் தொடங்கிவைக்கப்பட்டது. சிறுவாணி, பில்லூர் நீர் குடித்து வளரும் கோவை நகரத்துப் பிள்ளைகளுக்கு இந்தத் தொல்லை பெரிதாக இல்லை. ஆனால் கறையோடு வளர்ந்தவர்கள் ஊர் மாறி வந்து சிறுவாணி நீர் குடிப்பதால் அது மறையாது. கறை லேசாக இருந்தால் அமிலமும் நுரைக்கல் தூளும் சேர்த்து மேல்படலத்தை மெல்லத் தேய்த்தெடுப்பார்கள். ஆழமாக இருந்தால் பல் நிறக் கலவைப் பூச்சு அல்லது வினீர். இதற்குப் பிளீச்சிங் மட்டும் செய்தால் வெள்ளைத் திட்டு இன்னும் எடுப்பாகத் தெரியக்கூடும்.

வினீர் என்பது பல்லின் முகப்பில் ஒட்டும் மெல்லிய பீங்கான் தகடு. அதற்காகப் பெரும்பாலும் எனாமலைச் சிறிது சீவ வேண்டும். சீவிய எனாமல் மறுபடி வளராது. கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது எடுக்கும் முடிவு அல்ல இது.

அடுத்து வரும் கேள்வி: "சுத்தம் பண்ணுனா பல்லு ஆட்டங் கண்டுருங்களா?" இல்லை. ஈறு நோயால் ஏற்கெனவே தளர்ந்த பல்லை, அதில் இறுகிப் படிந்த காரைதான் அசையாமல் பிடித்திருக்கும். அதை எடுத்ததும் உண்மை நிலை தெரிகிறது. காரையை விட்டுவைத்தால் எலும்பு மேலும் கரையும். மேல்பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும் என்ற பயமும் ஆதாரமற்றது: பார்வை நரம்பு தனி, பல்லுக்கு உணர்வு தரும் நரம்பு தனி. இந்தப் பயத்தால் சீழ் வைத்த பல்லைத் தள்ளிப்போடுவதில்தான் ஆபத்து.

வேர் சிகிச்சை செய்த கடைவாய்ப் பல்லுக்குக் கேப் எதற்கு? சொத்தையும் துளையும் போக மிஞ்சிய சுவர் மெல்லியது. கடிக்கும் அழுத்தத்தில் பிளக்கும். பிளந்தது வேர்வரை இறங்கினால் பிடுங்குவதைத் தவிர வழி குறைவு. பிடுங்கிய இடத்துக்குக் கழற்றி மாட்டும் செட், பக்கத்துப் பற்களைச் சீவிப் பொருத்தும் பிரிட்ஜ், தாடையெலும்பில் டைட்டானியத் திருகு பதிக்கும் இம்பிளான்ட் என மூன்று வழி உண்டு. சுவீடனின் பிரோனமார்க் 1965-இல் முதல் நோயாளிக்கு இம்பிளான்ட் வைத்தார். எலும்பு அதைப் பற்றிக்கொள்ளச் சில மாதம் ஆகும். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கும் புகைப்பவர்களுக்கும் அது தோற்கும் வாய்ப்பு கூடுதல்.

கேப், வினீர், ஃபில்லிங் எதையும் பிளீச்சிங் வெளுப்பாக்காது. ஆகவே வெளுக்க விரும்புபவர் முதலில் அதை முடித்து, நிறம் நிலைபெற ஓரிரு வாரம் விட்டு, அதன்பின் கேப்புக்கு நிறம் பார்க்க வேண்டும்.

செலவு பொருளையும் எண்ணிக்கையையும் பொறுத்தது. திருச்சி சாலை அரசு மருத்துவமனையில் பல் பிரிவு இருக்கிறது. கோவை ஸ்ரீராமகிருஷ்ணா, சூலூர் ஆர்.வி.எஸ். போன்ற பல் மருத்துவக் கல்லூரிகளில் ஆசிரியர் மேற்பார்வையில் மாணவர்கள் சிகிச்சை தருவார்கள். பொதுவாகக் கட்டணம் குறைவு, நடை அதிகம்.