பெற்றோலுக்கும் வயது உண்டு

போன கிழமை எங்கள் ஊர் நானா ஒருவர் வழியில் நிறுத்திக் கேட்டார். கூரையில் சோலார், வாசலில் பிளக்-இன் ஹைபிரிட் கார். இரவில் சார்ஜ் போடுகிறார், பகலில் ஓடுகிறார். "சேர், பெருநாளைக்கு முந்தி அடிச்ச பெற்றோல், இன்னம் பாதி கூடக் குறையல்ல. அது என்ன கெட்டுப்போற சாமானா?" என்று பெருமையும் சந்தேகமும் கலந்து கேட்டார். வரலாறு படிப்பிக்கிறவனிடம் கேட்டால் வரலாறுதான் பதிலாக வரும். தெருவில் நின்று சொல்லி முடிக்க முடியாத பதில் என்பதால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சுருக்கமான பதில்: கெட்டுப்போகும்.

பெற்றோல் தண்ணீர் மாதிரி ஒரே பொருள் அல்ல. நூற்றுக்கணக்கான ஐதரோகாபன்களின் கலவை. அதில் மிக இலேசானவை முதலில் ஆவியாகிப் போய்விடும். குளிர்ந்த எஞ்சினை முதல் சுற்றிலேயே பற்றவைப்பது அவைதான். மிஞ்சியவற்றில் சில, காற்றிலுள்ள ஒட்சிசனோடு மெதுவாகச் சேர்ந்து பிசின் போல ஒட்டும் பொருளாக மாறும். போத்தலில் கிடந்த தேங்காய் எண்ணெய் சிக்கு வாடை அடிப்பதும் ஏறக்குறைய இதே வேலைதான். 2022 வரிசைக் காலத்தில் கேனில் பெற்றோல் ஒளித்து வைத்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். மாதங்கள் கழித்து மூடியைத் திறந்தால் பெற்றோல் மணம் போய் வார்னிஷ் மணம் வரும். நிறமும் கறுத்திருக்கும். (வீட்டுக்குள் பெற்றோல் வைப்பது எவ்வளவு ஆபத்து என்பது வேறு கதை.)

ஆனால் மோட்டார் வாகனத்தின் முதல் இருபத்தைந்து வருடங்களில் இந்தப் பிசின் பெரிய தலைவலியாக இருக்கவில்லை. 1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ் தன் கணவருக்குச் சொல்லாமல், இரண்டு மகன்மாரையும் ஏற்றிக்கொண்டு மன்ஹைமிலிருந்து புறப்பட்டபோது, எரிபொருள் வாங்கியது வீஸ்லோக் என்ற சிற்றூரின் மருந்துக்கடையில். துணியில் கறை நீக்குவதற்காக விற்ற லிக்ரோயின் என்ற திரவம் அது. அப்போது மசகு எண்ணெயை வடித்தது விளக்கெரிக்கும் மண்ணெண்ணெய்க்காக. பெற்றோல் அதன் பக்கப்பொருள், வாங்க ஆளில்லாத சாமான். அப்படி வெறுமனே வடித்து எடுத்த பெற்றோலில் பெரும்பகுதி நிரம்பிய ஐதரோகாபன்கள். அவை ஒட்சிசனோடு இலகுவில் சேராது. ஆவியாகிக் குறையுமே தவிர பிசினாவது அரிது.

எல்லாவற்றையும் மாற்றியது அமெரிக்காவில் கார்கள் பெருகியதுதான். 1908இல் ஃபோர்டின் மொடல் டீ வந்தபின் பெற்றோலுக்குத் தட்டுப்பாடு. ஒரு பீப்பாய் மசகு எண்ணெயிலிருந்து வடித்து எடுக்கக்கூடிய பெற்றோல் கொஞ்சம்தான். மிச்சியாகன் ஏரிக்கரையில் இருந்த வைட்டிங் சுத்திகரிப்பு நிலையத்தில் வில்லியம் பேர்ட்டன் என்ற இரசாயனவியலாளர் ஒரு வழி கண்டார்: கனமான எண்ணெயை அழுத்தத்தில் கடுமையாகச் சூடாக்கினால் பெரிய மூலக்கூறுகள் உடைந்து பெற்றோலாகும். வெடித்துவிடும் என்று தலைமையகம் பயந்து பணம் கொடுக்க மறுத்தது. 1911இல் ஸ்டாண்டர்ட் ஒயில் கம்பனியை உச்ச நீதிமன்றம் துண்டு துண்டாக உடைத்தது. தனியாகப் பிரிந்த இந்தியானா கம்பனிதான் துணிந்து அனுமதி கொடுத்தது. 1913 ஜனவரி 7இல் பேர்ட்டனுக்குக் காப்புரிமை கிடைத்தது. அதே மசகு எண்ணெயிலிருந்து ஏறத்தாழ இரண்டு மடங்கு பெற்றோல்!

ஆனால் உடைத்து எடுத்த பெற்றோல் மஞ்சள் நிறம், நாற்றம். ஆரம்பத்தில் வேறு பெயரில், மலிவு விலையில்தான் விற்றார்கள். நிறமும் நாற்றமும் மேலோட்டமான குறைகள். உண்மையான குறை உள்ளே இருந்தது. மூலக்கூறை உடைக்கும்போது இரட்டைப் பிணைப்புகள் உருவாகின்றன. உயர்தர மாணவர்களுக்குத் தெரியும்: நிரம்பாத ஐதரோகாபன். ஒரு கை சும்மா இருக்கிற மாதிரி. பக்கத்தில் வரும் ஒட்சிசனைப் பிடிக்கும், பின் அடுத்த மூலக்கூறைப் பிடிக்கும், சங்கிலி நீளும். முடிவில் காபுரேற்றரின் சின்னத் துளையை அடைக்கும் பிசின். இன்று நாம் அடிக்கும் பெற்றோலிலும் இப்படி உடைத்து எடுத்த பங்கு இருக்கிறது. அதாவது "பெற்றோல் கெட்டுப்போகும்" என்று நாம் இன்று அஞ்சும் விஷயத்தின் பெரும்பகுதி இயற்கையானதல்ல. 1913க்குப் பிறகு மனிதன் தன் அவசரத்துக்காக வாங்கிக்கொண்டது.

சுத்திகரிப்பு நிலையங்கள் முதலில் சல்பூரிக்கமிலத்தால் கழுவிப் பார்த்தன. பிசினாகும் பகுதி போனது, கூடவே நல்ல பெற்றோலும் போனது. மாற்று வழி வந்தது யாரும் எதிர்பாராத திசையிலிருந்து, அதுவும் நச்சுவாயுவிலிருந்து. முதலாம் உலகப் போரில் பிரான்ஸ் அக்ரோலீன் என்ற கண்ணெரிக்கும் பொருளை ஆயுதமாகப் பயன்படுத்தியது. அதைச் சேமித்து வைத்தால் பிசின் போல இறுகிப் பயனற்றுப் போனது. அதைத் தடுக்கும் வேலை சார்ள்ஸ் மூரோ, சார்ள்ஸ் டுஃப்ரேஸ் என்ற இரு இரசாயனவியலாளர்களிடம் போனது. புகைப்படம் கழுவப் பயன்படும் ஹைட்ரோகுவினோன் போன்ற சில பொருட்களில் மிகச் சிறிய அளவைச் சேர்த்தால் போதும், ஒட்சியேற்றம் நின்றுவிடுகிறது என்று கண்டார்கள். எதிரொட்சியேற்றிகள் பற்றிய நவீன ஆய்வு அங்கிருந்துதான் வேகம் பிடித்தது. இறப்பர், எண்ணெய், உணவு என்று பரவிய அந்த யோசனை 1930கள் அளவில் பெற்றோலுக்கும் வந்தது. கொல்வதற்கான பொருளைப் பழுதாகாமல் வைக்கப் போய் உலகத்துக்குக் கிடைத்த உபகாரம் இது. வரலாற்றில் இப்படிக் கணக்குகள் நேராக இருப்பதே இல்லை.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். எதிரொட்சியேற்றி ஒட்சிசனை வெளியே நிறுத்தும் கதவு அல்ல. ஆரம்பிக்கும் சங்கிலியை அறுத்துத் தானும் செலவாகிவிடும் காவலாளி. காவலாளிகள் மிஞ்சியிருக்கும் வரை பெற்றோலில் எந்த மாற்றமும் தெரியாது. தீர்ந்த பிறகு பிசின் வேகமாக ஏறும். "ஆறு மாதம் நல்லாத்தானே இருந்தது" என்று சொல்வதில் அர்த்தமில்லாதது இதனால்தான். இன்னொன்று, அந்தக் காலக்கணக்கு நீங்கள் பெற்றோல் அடித்த நாளில் தொடங்குவதில்லை. கப்பலில் வந்து, களஞ்சியத் தாங்கியில் கிடந்து, பவுசரில் ஏறி வந்த நாட்களும் அதில் சேர்த்தி.

காவலாளி இருந்தும் சில பெற்றோல் சீக்கிரமே கெட்டது. காரணம் செப்பு. சுத்திகரிக்கும்போது பயன்பட்ட செப்புச் சேர்வைகளிலிருந்தும், எரிபொருள் போகும் செப்புக் குழாய்களிலிருந்தும் கண்ணுக்குத் தெரியாத அளவு செப்பு பெற்றோலில் கரைந்து, ஒட்சியேற்றத்துக்கு ஊக்கியாக வேலை செய்தது. இந்தப் பிரச்சினையை எடுத்துக்கொண்டவர் டுபோன்ட் கம்பனியின் சார்ள்ஸ் பெடர்சன். எனக்கு இந்தக் கதையில் மிகப் பிடித்த மனிதர். 1904இல் கொரியாவின் பூசானில் பிறந்தவர். தந்தை நோர்வேக்காரர், தாய் ஜப்பானியர். கலாநிதிப் பட்டம் எடுக்காமலேயே 1927இல் வேலைக்குப் போனவர். செப்பு அணுவைச் சுற்றி வளைத்துப் பிடித்து, அது எந்தச் சேட்டையும் செய்ய முடியாதபடி கட்டிப்போடும் ஒரு பொருளைத் தந்தார். பெற்றோலியப் பொருட்களுக்குக் கிடைத்த முதல் நல்ல 'உலோகச் செயலிழப்பி' அது.

ஓர் உலோக அணுவை ஒரு மூலக்கூறு எப்படிக் கட்டிப்பிடிக்கிறது என்ற கேள்வி அவரை விடவில்லை. 1960களின் தொடக்கத்தில், ஓய்வு நெருங்கும் வயதில், வேறொரு பரிசோதனையில் தற்செயலாகக் கிடைத்த கொஞ்ச வெள்ளைப் பளிங்கைத் தூக்கி எறியாமல் ஆராய்ந்தார். சோடியம் அணுவைக் கிரீடம் போலச் சூழ்ந்து பிடிக்கும் 'கிரவுன் ஈதர்' அது. 1967இல் வெளியிட்டார். 1987இல் டொனல்ட் கிராம், ஜோன்-மரி லேன் ஆகியோருடன் சேர்த்து அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பழுதாகும் பெற்றோலில் செப்பைப் பிடித்த காலத்திலேயே தொடங்கிய ஆர்வம் அங்கே போய் நின்றது.

இவ்வளவும் செய்து பெற்றோலுக்குச் சில மாத ஆயுள் கிடைத்தது. அதற்கு மேல் யாருக்கும் தேவைப்படவில்லை. சாதாரணக் காருக்குச் சில நாளுக்கொருமுறை, ஆகப்போனால் சில கிழமைக்கொருமுறை பெற்றோல் அடிப்போம். இந்த அனுமானத்தில்தான் நூறு வருடமாக எல்லாம் ஓடியது. பிளக்-இன் கார் வந்து அந்த அனுமானத்தை உடைத்தது.

அதற்கு முன் ஒரு சின்ன வளைவு. 1940களில் லொஸ் ஏஞ்சலிஸ் நகரைப் புகைமூட்டம் மூடியது. அன்னாசிப்பழத்தின் வாசனையை ஆராய்ந்துகொண்டிருந்த ஆரி ஹாகன்-ஸ்மிட் என்ற ஒல்லாந்தப் பேராசிரியர், வாகனப் புகையும் பெற்றோல் ஆவியும் சூரிய ஒளியில் சேர்ந்துதான் அது உண்டாகிறது என்று காட்டினார். விளைவாக, 1970 அளவில் அமெரிக்கக் கார்களின் தாங்கியிலிருந்து வரும் ஆவியைப் பிடிக்க கரி நிரப்பிய ஒரு டப்பாவை வைக்க வேண்டியதாயிற்று. எஞ்சின் ஓடும்போது அந்த ஆவியை உறிஞ்சி எரித்து டப்பாவைக் காலியாக்கும். சரி, எஞ்சினே ஓடாத காரில்? டப்பா நிரம்பி வழியும். அதனால் பிளக்-இன் கார்கள் பலவற்றுக்கு அழுத்தத்தைத் தாங்கும், இறுக மூடிய தாங்கி செய்தார்கள். மூடி திறக்கப் பொத்தானை அமத்தினால் சில வினாடி காத்திருக்கச் சொல்கிறதே, அழுத்தம் இறங்குவதற்குத்தான். காற்று மாசுக்காக வந்த சட்டம், பெற்றோலின் இலேசான பகுதி போகாமலும் புதுக்காற்று புகாமலும் காக்கும் ஏற்பாடாகவும் ஆகிவிட்டது.

2010 டிசம்பரில் விற்பனைக்கு வந்த ஷெவர்லே வோல்ட்தான் இந்தப் பிரச்சினையை முதலில் பெரிய அளவில் எதிர்கொண்ட கார். அமெரிக்கத் தொலைக்காட்சிக் கலைஞர் ஜே லெனோ தன் வோல்டில் 11,000 மைல் ஓடியும் பெற்றோல் நிரப்பவில்லை என்று 2011இல் செய்தி வந்தது. அதைத் தயாரித்தவர்கள் இதை எதிர்பார்த்திருந்தார்கள். ஏறத்தாழ ஆறு கிழமை எஞ்சின் ஓடாவிட்டால், உள்ளே எண்ணெய் பரவ அது தானாகச் சில நிமிடம் ஓடும். தாங்கியிலுள்ள பெற்றோலின் சராசரி வயதையும் கார் கணக்குப் பார்க்கும். ஒரு வருடமானால், பற்றரியில் சார்ஜ் இருந்தாலும் எஞ்சினை ஓட்டி அந்தப் பழைய பெற்றோலை எரித்துவிடும். இடையில் புதிதாக அடித்தால் சராசரி வயது இறங்கும். எனக்கு இது மிக நியாயமான தீர்வாகப் படுகிறது. பெற்றோலை நிரந்தரமாகக் காப்பாற்ற முடியாது, செலவழித்துப் புதுப்பிக்கத்தான் முடியும்.

நம் வீதிகளில் ஓடும் மிட்சுபிஷி அவுட்லாண்டர் பிளக்-இன்னிலும் இதே கணக்கு உண்டு. மூன்று மாதத்துக்குள் ஒரு குறிப்பிட்ட அளவு புதுப் பெற்றோல் அடிக்காவிட்டால் எஞ்சின் தானாக இயங்கத் தொடங்கும். சார்ஜ் நிறைய இருக்கும்போது எஞ்சின் உறுமினால் பழுது என்று நினைத்துக் கராஜுக்கு ஓட வேண்டாம். முதலில் கடைசியாக அடித்த பெற்றோல் பில்லைத் தேடுங்கள்.

நானாவின் கேள்விக்கு வருவோம். மூடிய தாங்கி, தெரிந்த பெற்றோல் செட், மூன்று நான்கு மாதம் என்றால் பயமில்லை. வருடம் தாண்ட விடக்கூடாது. நமது வெக்கையில் அந்தக் கணக்கும் சுருங்கும், ஏனென்றால் சூடு கூடினால் ஒட்சியேற்றமும் கூடும். தாங்கியை வாய்வரை நிரப்பி வைப்பதை விட, பாதியளவு அடித்து, தூரப் பயணத்தில் அதை எரித்து, மீண்டும் பாதி அடிப்பது நல்லது. கண்டிப் பக்கம் போகிற நாளில் சார்ஜைச் சேமிக்கும் பொத்தானை அமத்திவிட்டுக் கடுகண்ணாவ ஏற்றத்தை எஞ்சினுக்கே கொடுங்கள். அது நன்றாகச் சூடாக வேண்டும். இரண்டு நிமிட ஓட்டம் எஞ்சின் ஒயிலில் ஈரத்தைத்தான் சேர்க்கும். கடையில் விற்கும் ஸ்டெபிலைசர் போத்தலும் ஒரு வகை எதிரொட்சியேற்றிதான். புதுப் பெற்றோலில் சேர்த்தால் உதவும், கெட்டதைத் திருப்பி எடுக்காது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், பிளக்-இன் காரில் பெற்றோல் இருப்பது நல்ல நாளுக்காக அல்ல. 2022 மார்ச் 31இல் 13 மணித்தியாலம் மின்வெட்டு. 2025 பெப்ரவரி 9இல் பாணந்துறை உபமின்நிலையக் கோளாறினால் நாடு முழுக்க மின்சாரம் போனது. அப்படியொரு இரவில், பற்றரியும் இறங்கிய நேரத்தில், வீட்டில் ஒருவரை ஆஸ்பத்திரிக்கு ஏற்ற வேண்டி வந்தால் அந்த எஞ்சின் முதல் சுற்றிலேயே பற்ற வேண்டும். மாதக்கணக்காக மறந்துபோன பெற்றோல் அந்த வேலையைச் செய்யும் என்று நம்பி இருக்கக்கூடாது.

2025இல் மறுபடி இறக்குமதி திறந்தபின் பாவித்த பிளக்-இன் வாங்கியவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஜப்பானில் ஏலத்தில் நின்ற நாள், கப்பலில் வந்த நாள், இங்கே விற்பனை முற்றத்தில் காய்ந்த நாள் எல்லாம் கூட்டினால் தாங்கியின் அடியில் கிடக்கும் பெற்றோலுக்கு எத்தனை மாதமோ. வாங்கியவுடன் அதை எரித்து முடியுங்கள். பல கார்களில் திரை இன்னும் ஜப்பானிய மொழியில்தான் இருக்கிறது. பெற்றோல் பழசாகிவிட்டது என்று கார் சொல்லும், நமக்கு வாசிக்கத் தெரியாது. அப்படி வாசிக்க முடியாத ஒரு வரி உங்கள் திரையில் அடிக்கடி வந்தால் படம் எடுத்து அனுப்புங்கள். ஜப்பானில் வேலை செய்த பழைய மாணவன் ஒருவன் இருக்கிறான், வாசித்துச் சொல்லச் சொல்கிறேன்.