கல்லூரித் தெருவில் இல்லாத மாளிகை

கொல்கத்தாவின் கல்லூரித் தெருவில், பழைய புத்தகக் கடைகளைக் கடந்து பல்கலைக்கழக வளாகத்துக்குள் நுழைபவர் தர்பங்கா கட்டடத்தையும் அசுதோஷ் கட்டடத்தையும் காணலாம். அவ்வளாகத்தின் முகமாக விளங்கிய செனட் மாளிகையை மட்டும் காண இயலாது. அது நின்ற இடத்தில் இன்று நூற்றாண்டுக் கட்டடம் நிற்கிறது.

கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்கள் மூன்றும் 1857ஆம் ஆண்டில் தோன்றியவை. லண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்ட அவை தொடக்கத்தில் பாடம் நடத்தவில்லை. கல்லூரிகளை இணைத்துக்கொண்டு, தேர்வு நடத்திப் பட்டம் வழங்கின. எனவே வகுப்பறைகளுக்கு முன்பே அவற்றுக்குப் பேரவை கூடவும் பட்டமளிக்கவும் ஏற்ற ஒரு பெருமண்டபம் தேவைப்பட்டது. வால்டர் கிரான்வில் வடிவமைத்த செனட் மாளிகை 1870களின் தொடக்கத்தில் அத்தேவைக்காக எழுந்தது. அசுதோஷ் முகர்ஜியின் முயற்சியால் 1917இல் முதுகலைத் துறைகள் ஒருங்கிணைக்கப்பட்ட பின்னரே பல்கலைக்கழகம் பெருமளவில் கற்பிக்கும் நிறுவனமாயிற்று.

1932 பிப்ரவரி 6 அன்று அம்மண்டபத்தில் பட்டமளிப்பு விழா நடைபெற்றது. பட்டம் பெற வந்திருந்த மாணவி பீனா தாஸ், பல்கலைக்கழக வேந்தரும் வங்காள ஆளுநருமான ஸ்டான்லி ஜாக்சனை நோக்கிச் சுட்டார். குறி தப்பியது. பீனா தாஸுக்கு ஒன்பது ஆண்டுக் கடுங்காவல் விதிக்கப்பட்டது, பட்டமும் மறுக்கப்பட்டது. பேரரசு தன் அதிகாரத்தை அரங்கேற்றக் கட்டிய மண்டபம், அவ்வதிகாரம் நேருக்கு நேர் எதிர்க்கப்பட்ட இடமாகவும் ஆனது.

அந்த மண்டபம் 1960இல் இடிக்கப்பட்டது. இடித்தது அயல் ஆட்சியன்று. விடுதலை பெற்ற நாட்டின் பல்கலைக்கழகமே தன் நூற்றாண்டு நினைவுக் கட்டடத்துக்காக இடித்தது. நூறாண்டு வரலாற்றைக் கொண்டாடும் முயற்சியில் அவ்வரலாற்றின் முதன்மைச் சான்று மறைந்தது. உடன்பிறந்த பல்கலைக்கழகங்கள் இரண்டிலும் நிலை வேறு. மும்பையின் பட்டமளிப்பு மண்டபமும், சேப்பாக்கத்தில் சிஷோம் எழுப்பிய செனட் இல்லமும் இன்றும் நிற்கின்றன.

பீனா தாஸுக்கு மறுக்கப்பட்ட பட்டத்தை, அவர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பின் 2012இல் பல்கலைக்கழகம் வழங்கியது. ஏட்டில் நேர்ந்த பிழையை எண்பது ஆண்டுகள் கழித்தும் ஏட்டில் திருத்த முடிந்தது. இடிந்த மண்டபத்துக்கு அத்தகைய திருத்தம் இல்லை. கல்லூரித் தெரு வளாகத்தைக் காணச் செல்லும் வரலாற்று மாணவர், நிற்கும் கட்டடங்களோடு நில்லாமல், நூற்றாண்டுக் கட்டடம் நிற்கும் நிலத்தில் முன்பு என்ன இருந்தது என்பதையும் அறிந்து செல்ல வேண்டும்.