தன்மீது தானே ஏறும் பிள்ளை

பாயில் அமர்ந்து உண்பதும், பாயில் அமர்ந்து ஓதுவதும், தொழுகையில் ஸுஜூதிலிருந்து நிலைக்கு எழுவதும் நம் இல்லங்களில் அன்றாடம் நிகழ்பவை. ஒரு நாளில் எத்தனை முறை தரையிலிருந்து எழுகிறோம் என்று எவரும் எண்ணுவதில்லை. ஆயின், பிள்ளைகள் எழும் விதத்தைக் கூர்ந்து நோக்கியே ஒரு கொடிய பிணியை மருத்துவர் இனங்கண்டனர். அவ்வரலாறு நம் பெற்றோர் அறியத்தக்கது.

அப்பிணி தசைச்சிதைவு நோய். அதன் வகைகளுள் பிள்ளைகளிடம் மிகுதியாகக் காணப்படுவது டூஷேன் வகை. ஏறத்தாழ 3,500 முதல் 5,000 ஆண் குழந்தைகளுள் ஒருவரை அது பற்றுகிறது. பெண்மக்கள் பெரும்பாலும் தாம் நோயுறாமலே அதன் கூற்றைச் சுமப்பர்.

1836-இல் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் கோந்தே, ஜோயா என்னும் மருத்துவர் இருவர் இந்நோயுற்ற சகோதரர் இருவரைப் பற்றி எழுதினர். 1851-இல் லண்டன் மருத்துவர் எட்வர்டு மெரியன், முதுகுத் தண்டில் பழுதில்லை, தசையிலேதான் பழுது என்று கண்டார். தாய்வழியே ஆண்மக்களுக்கு அது வருவதையும் குறித்தார். பிரெஞ்சு மருத்துவர் டூஷேன் 1861-இல் இதனை விவரித்து, 1868-இல் 13 பிள்ளைகளின் நிலையை விரித்துரைத்தார். உயிருள்ள பிள்ளையின் தசையிலிருந்து சிறு துணுக்கெடுத்து ஆராய ஓர் ஊசியையும் அவர் உருவாக்கினார். நோய் அவர் பெயரையே பெற்றது.

1879-இல் லண்டனில் வில்லியம் கவர்ஸ் என்பார் அப்பிள்ளைகள் எழும் விதத்தைத் தெளிவுற எழுதினார். மல்லாந்து கிடக்கும் பிள்ளை முதலில் குப்புறப் புரளும். பின் கைகளையும் கால்களையும் ஊன்றி இடுப்பை உயர்த்தும். கைகளைக் கால்களை நோக்கி நகர்த்தி, முழங்காலைப் பற்றி, தொடையைப் பற்றி, தன் உடல்மீது தானே ஏறுவதுபோல் நிமிரும். இடுப்பையும் முழங்காலையும் நிமிர்த்தும் தசைகள் நலிந்தமையால், அவற்றின் வேலையைக் கைகள் ஏற்கின்றன. இன்றளவும் மருத்துவர் இதனைக் ‘கவர்ஸ் அடையாளம்’ என்றே வழங்குவர். பிற தசை நலிவுகளிலும் இது தோன்றும் என்பதை மறத்தலாகாது.

வேறு அடையாளங்களும் உள. குதிகால் தரையில் படாது நுனிக்காலால் நடத்தல். வாத்துப்போல் இருபுறமும் அசைந்து நடத்தல். இடுப்பு உள்வளைந்து வயிறு முன்தள்ளி நிற்றல். அக்குளில் கைகொடுத்துத் தூக்கினால் தோள் நழுவுதல். இவற்றினும் நம்மை ஏமாற்றுவது கெண்டைக்காலின் பருமன். பிள்ளை திடகாத்திரமாக இருக்கிறான் என்று உற்றார் மகிழ்வர். உண்மையிலோ, அழிந்த தசையின் இடத்தைக் கொழுப்பும் நார்த்திசுவும் நிரப்பிய வீக்கமே அது!

கண்ணால் கண்டு நோய்களை வேறுபடுத்தும் கலை நமக்குப் புதிதன்று. பெரியம்மைக்கும் தட்டம்மைக்கும் உள்ள வேற்றுமையைத் தனி நூலாகவே வரைந்தவர் அபூபக்ர் அர்ராஸீ அன்றோ? இக்கலைக்கு நம் நாடும் பங்களித்துள்ளது. 1994-இல் லக்னோ நகரின் சஞ்சய் காந்தி முதுநிலை மருத்துவ அறிவியல் கழகத்தைச் சேர்ந்த சுனில் பிரதான் ‘பள்ளத்தாக்கு அடையாளம்’ என ஒன்றை வெளியிட்டார். பிள்ளையைத் தோளை உயர்த்தி, முழங்கையை மடித்து, கைகளை மேல்நோக்கி நிறுத்தச் செய்தால், முதுகுப்புறம் தோளருகே பருத்த இரு தசை மேடுகளுக்கிடையே ஒரு பள்ளம் தென்படும். கருவியில்லை, செலவில்லை, பார்க்கும் கண்ணே போதும்.

1986-இல் நோயின் மரபணுவும், 1987-இல் அது உண்டாக்கும் டிஸ்ட்ரோஃபின் என்னும் புரதமும் கண்டறியப்பட்டன. அப்புரதம் இல்லாமையால் தசையிழைகள் சிதைகின்றன. இன்று இரத்தத்தில் கிரியேட்டின் கைனேஸ் அளவையும், பின்னர் மரபணுவையும் சோதித்து நோயை உறுதிசெய்வர். ஆயினும், சோதனைக்கு அனுப்பும் முதற்பார்வை வீட்டிலும் மக்தபிலுமே தொடங்க வேண்டும்.

திருவண்ணாமலையில் வாழும் நமக்கு வேலூர் என்றதும் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் நினைவுக்கு வரும். அதே ஊரில் 1900-இல் ஐடா ஸ்கடர் அம்மையார் தொடங்கிய மருத்துவப் பணி பெரும் மருத்துவக் கல்லூரியாய் வளர்ந்தது. 1949-இல் அங்கே டாக்டர் ஜேக்கப் சாண்டி இந்தியாவின் முதல் நரம்பு அறுவை மருத்துவத் துறையை நிறுவினார். நாடிச் செல்ல நெடுந்தொலைவு இல்லை.

நோயை வேரறுக்கும் மருந்து இன்னும் இல்லை. எனினும் ஸ்டீராய்டு மருந்துகள் நடக்கும் காலத்தைச் சில ஆண்டுகள் நீட்டிக்கும். உடற்பயிற்சி மருத்துவம் மூட்டுகள் இறுகுவதைத் தாமதப்படுத்தும். இதயத்தையும் மூச்சையும் காலத்தே கவனித்தால் ஆயுள் கூடும். தாமதிக்கும் ஒவ்வோர் ஆண்டும் பிள்ளைக்கு இழப்பே.

ஆகவே, பெற்றோர்களே, உஸ்தாதுகளே! ஐந்து வயதுப் பிள்ளை படியேறத் திணறினால், அடிக்கடி விழுந்தால், தொடையில் கையூன்றி எழுந்தால், சோம்பேறி என்று வையாதீர்; பிரம்பை எடுக்காதீர்; மருத்துவரிடம் காட்டுவீர். தாயையும் பழிக்காதீர். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குப் பிள்ளைகளிடம் இக்குறை தாயிடமிருந்து வராது புதிதாகவே தோன்றுகிறது. தாயிடமிருந்து வந்ததாயினும் அவள் விரும்பித் தந்தது அன்று. தன்மீது தானே ஏறி எழும் அப்பிள்ளைக்கு நாம் தரவேண்டியது ஏச்சு அன்று, கை.